நிலமும் ஆசிரியரும்: தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ச் சொற்பயிற்சி

பிறமொழி ஒன்றைக் கற்க விழைவோர் அம்மொழி வழங்கும் நிலத்திற்கே சென்று தங்கிக் கற்றல் நலம் என்னும் கருத்து நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வந்துள்ளது. இலக்கணத்தை நூல்வழிக் கற்கலாம். சொற்களை மக்களிடையே வாழ்ந்தே பெறவேண்டும் என்பர். மொழிக்கல்வி ஆய்வுத் துறையில் 1990களிலிருந்து இக்கருத்து அளவீட்டு முறையில் சோதிக்கப்பட்டு வருகிறது. ஜேம்சு மில்டன், பால் மீரா ஆகிய இருவரும் பிரித்தானியாவுக்கு வந்து பயின்ற ஐரோப்பிய மாணவர்களின் ஆங்கிலச் சொல்வளத்தை ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாய்நாட்டு வகுப்பறையில் கற்ற காலத்தைக் காட்டிலும் அயல்நாட்டில் தங்கிய காலத்தில் சொல்வளம் பல மடங்கு விரைந்து வளர்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயினும் அவ்வளர்ச்சி எல்லார்க்கும் ஒரு தன்மையாய் அமையவில்லை. ஒரே இடத்தில் தங்கியவருள்ளும் சிலர் மிகுதியாகப் பெற்றனர். சிலர் சிறிதே பெற்றனர்.

இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது என்னும் வினாவுக்கு விடை தேடத் தமிழ்மொழி வரலாற்றில் வளமான சான்றுகள் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் பலர் தமிழகத்திற்கு வந்து தங்கித் தமிழைக் கற்றனர். தாம் கற்ற சொற்களை அகராதிகளாகவும் இலக்கணங்களாகவும் கடிதங்களாகவும் எழுதி வைத்தனர். அயல்நிலக் கல்வியின் சொற்பயன் இத்துணை விரிவாகப் பதிவுற்ற மொழிகள் மிகச் சிலவே. இக்கட்டுரை தரங்கம்பாடியில் 1706 முதல் தமிழ் கற்ற பர்த்தலோமேயு சீகன்பால்குவை நடுவாகக் கொண்டு இவ்வினாவை அணுகுகிறது.

சீகன்பால்கு சில மாதங்களிலேயே தமிழில் தேர்ந்தார் என்று வியந்து எழுதுவது தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் மரபாகிவிட்டது. வியப்பு ஆய்வாகாது. அவருக்குக் கற்பித்தவர் யாவர், எம்முறையில் கற்பித்தனர், எவ்வகைச் சொற்களைக் கற்பித்தனர் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

கடற்கரைத் தமிழும் மதுரைத் தமிழும்

சீகன்பால்குவுக்கு முன் வந்தோர் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை முதற்கண் அறிந்துகொள்ளுதல் வேண்டும். போர்த்துக்கீசியரான என்றிக்கு என்றிக்கசு அடிகளார் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே வாழ்ந்து தமிழ் கற்றார். 1549ஆம் ஆண்டளவில் அவர் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் அக்கடற்கரையில் காதால் கேட்ட வடிவங்களைப் பதிவு செய்கிறது. நன்னூல் வழிவந்த புலவர் ஒருவர் அவ்வடிவங்கள் பலவற்றைச் சொல் என்றே ஏற்றிருக்கமாட்டார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் காலத்தால் முந்தியது அது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் கற்ற தமிழ் வேறு. அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டசு என்பவர் மதுரையில் தங்கிப் பரதவ கிறித்தவரிடையே பணியாற்றி வந்தார். நகரம் ஒன்று, மொழியும் ஒன்று. ஆயினும் பெர்னாண்டசின் சொற்கள் கடற்கரையிலிருந்து வந்தவை. நொபிலியின் சொற்கள் உயர்குலத்தாரிடமும் வடமொழி வல்லாரிடமும் பெற்றவை. கிறித்தவ சமயத்தைக் குறிக்கக் கடற்கரையில் வழங்கிய ‘பரங்கி’ என்னும் சொல் இதனைத் தெளிவாக்கும். சமயத்தில் சேர வருவோரைப் பரங்கிக் குலத்தில் புக விருப்பமா என்று கேட்பது அந்நாளைய வழக்கமாயிருந்தது. கடற்கரையில் தங்கியோர்க்கு அச்சொல் சமயத்தின் பெயர். மதுரை மக்களுக்கோ அது போர்த்துக்கீசியரின் பெயர். அவர்தம் உணவையும் ஒழுக்கத்தையும் இழித்துரைக்கும் பெயர். நொபிலி இச்சொல்லை அறவே நீக்கினார். கடற்கரையில் பழகியோர் அச்சொல்லின் பொருளை அறிந்திருந்தனர். அச்சொல் மற்றையோர் செவியில் எவ்வாறு ஒலித்தது என்பதை அறியவில்லை. அயல்நிலத்தில் தங்கிக் கற்கும் சொல் யாரிடம் கற்கப்பட்டதோ அவர்தம் மதிப்பீட்டையும் உடன்கொண்டு வருகிறது.

தரங்கம்பாடியில் முதல் மாதங்கள்

தரங்கம்பாடி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் அது டேனிசு வாணிகக் குழுவின் கைக்கு வந்தது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்பிய செருமானியர் இருவர், சீகன்பால்குவும் ஐன்றிக்கு புளூட்சோவும், 1706 சூலை 9ஆம் நாள் அங்கு வந்து சேர்ந்தனர். அதாவது டேனியர் அவ்வூரில் 86 ஆண்டுகள் வாழ்ந்த பின்னர். அவ்வாண்டுகளில் அவர்களுடைய வாணிகமும் ஆட்சியும் பெரும்பாலும் போர்த்துக்கீசிய மொழியிலும் துபாசிகள் வாயிலாகவும் நடைபெற்றன. சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் போர்த்துக்கீசியம் அக்காலத்துப் பொதுமொழி. அதனை அறிந்த ஐரோப்பியர் தமிழ்ச்சொல் ஒன்றுமின்றியே அங்கு நெடுநாள் வாழ இயலும். நிலத்தில் தங்கியிருத்தல் தானே சொல் தருமாயின் அக்கோட்டையில் வாழ்ந்த காவலரும் கணக்கரும் சிறந்த தமிழறிஞராய் விளங்கியிருத்தல் வேண்டும்.

புதிதாக வந்த இருவரும் தமக்குள் பணியைப் பகிர்ந்துகொண்டனர். புளூட்சோ போர்த்துக்கீசியத்தில் ஈடுபட்டார். சீகன்பால்கு தமிழில் ஈடுபட்டார். ஒரே கப்பலில் வந்து ஒரே ஊரில் வாழ்ந்த இருவர் இருவேறு மொழிகளில் வளர்ந்தனர். 1711இல் புளூட்சோ ஐரோப்பா திரும்பியபோது சீகன்பால்கு தமிழில் நூல்கள் எழுதுபவராயிருந்தார். இக்கால ஆய்வாளர் ஒப்பீட்டுக் குழு என்று வகுத்துக்கொள்வதனை வரலாறு இங்குத் தானே அமைத்துத் தந்துள்ளது.

சீகன்பால்குவின் முதல் தமிழாசிரியர் ஒரு முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர். அவர் தம் பள்ளியையே இவர்கள் தங்கிய வீட்டிற்கு மாற்றிக்கொண்டார். சீகன்பால்கு சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். இச்செய்தியைப் பணிவுக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். மொழிக்கல்வி நோக்கில் இதில் வேறொன்று கவனிக்கத்தக்கது. அவ்வாசிரியர்க்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தும் ஒலிப்பும் கைவந்தன, பொருள் வரவில்லை. தமிழ்ச்சூழலின் நடுவே, தமிழ்ச் சிறுவர் நடுவே அமர்ந்திருந்தும் சொல் சொல்லாகவில்லை. திண்ணைப்பள்ளிக் கல்வி, தமிழை வீட்டில் பேசிவரும் சிறுவர்க்காக அமைந்தது. அவர்கள் மனப்பாடம் செய்யும் பாட்டின் பொருள் பின்னால் விளங்கும். அதற்கு வேண்டிய பேச்சுமொழி அவர்களிடம் முன்பே உண்டு. அயலார்க்கு அந்த முதல் இல்லை. தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர், தாய்மொழி மாணவர்க்கென எழுதப்பட்ட பாடநூலைக் கையாள நேரும்போது எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுவேயாகும்.

இந்நிலையை மாற்றியவர் அழகப்பன். செருமன் ஆவணங்களில் ‘அலெப்பா’ என்று குறிக்கப்படும் இவர் டேனிசு வாணிகக் குழுவில் துபாசியாகப் பணியாற்றியவர். போர்த்துக்கீசியம், டேனிசு, செருமன், டச்சு ஆகிய மொழிகளை அறிந்தவர். சீகன்பால்கு இவரை ஊதியம் தந்து அமர்த்திக்கொண்டார். ஒரு தமிழ்ச்சொல்லின் பொருளை ஐரோப்பிய மொழியில் விளக்கவும், அச்சொல் வழங்கும் இடத்தையும் வழங்காத இடத்தையும் சுட்டவும் வல்ல ஒருவர் கிடைத்த பின்னரே சீகன்பால்குவின் சொல்வளம் விரைந்து பெருகியது. இருமொழி அறிந்த இடையாள் இன்றி அந்நிலத்தின் மொழி அயலாரை எட்டவில்லை. துபாசித் தொழிலை வாணிக வரலாற்றின் பகுதியாக மட்டும் காண்பதே வழக்கம். தமிழ் அகராதியியல் வரலாற்றிலும் துபாசிகளுக்கு ஓர் இயல் ஒதுக்கப்படவேண்டும்.

நாள்முறையும் நூல்முறையும்

1708இல் எழுதிய கடிதம் ஒன்றில் சீகன்பால்கு தம் அன்றாடப் பயிற்சியை விளக்கியுள்ளார். காலை ஏழு முதல் எட்டு மணி வரை முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீளச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, தாம் முன்பு படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பார். அப்போது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். விளங்காத இடங்களைப் புலவர் விளக்குவார். புதிய சொற்களை எழுத்தர் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மீண்டும் நூற்பயிற்சி. இரவில், விளக்கொளியில் கண்ணை வருத்தாமல், பிறர் ஒருவர் படிக்கத் தாம் கேட்பார். இவ்வாறு கேட்பதற்கெனத் தேர்ந்தெடுத்தவை, பேச்சிலும் எழுத்திலும் தாம் பின்பற்றத்தக்க நடையுடைய நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்தார்.

இந்நாள்முறையில் தெருவிலும் கடைவீதியிலும் கேட்டுக் கற்றதற்கு இடம் குறைவு. தமிழ் நிலத்தில் வாழ்ந்தவரே எனினும் அவர் சொற்களைத் தேடிய இடம் ஏட்டுச்சுவடி. மக்களோடு உரையாடியது அச்சொற்களைச் சோதித்துப் பார்க்கப் பயன்பட்டது. எனவே ‘மக்களோடு பழகியே தமிழ் கற்றார்’ என்பது பாதியளவே உண்மை. ஆனால் அந்நூற்பயிற்சியும் அயல்நில வாழ்வின் பயனே என்பதை மறத்தலாகாது. அன்றைய நிலையில் தமிழ்ச்சுவடிகளையும் அவற்றை விளக்கும் புலவரையும் ஆல்லேயிலோ கோபன்கேகனிலோ தேடிப் பெற முடியாது. நிலம் அவருக்கு அளித்தவற்றுள் தலையானது நூலும் உரையாசிரியரும் கிடைக்கும் வாய்ப்பு.

அவர் திரட்டிய சுவடிகளின் பட்டியலும் 1708இல் உருவானது. தமிழ்ச் சமய இலக்கண இலக்கிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை அதில் குறிப்புரையோடு இடம்பெற்றுள்ளன. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் செருமனில் மொழிபெயர்த்தார். மூன்றனுள் கொன்றை வேந்தனும் உலகநீதியும் திண்ணைப்பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்யும் நூல்கள். மணலில் எழுதிய நாளில் ஒலியாக மட்டும் செவியில் விழுந்தவை இரண்டாண்டுக்குள் பொருளோடு வேற்றுமொழியில் வெளிவந்தன.

கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களும் அவர் கைக்குக் கிட்டின. சீர்திருத்தச் சபையாராயினும் அந்நூல்களின் சொல்லாட்சியை ஏற்பதில் அவர் தயங்கவில்லை. இறைவனைக் குறிக்கும் ‘சருவேசுரன்’ என்னும் சொல்லை அவர் அம்மரபிலிருந்தே எடுத்தாண்டார்.

இரண்டு அகராதிகள்

இக்கல்வியின் விளைவு அகராதிகளில் வெளிப்படுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் சீகன்பால்கு 20,000 சொற்களைத் திரட்டியதாகத் தெரிவிக்கிறார். தமிழ்ச்சொல், அதன் ஒலிபெயர்ப்பு, செருமன் பொருள் என மூன்று பத்திகளாக அத்தொகுப்பு அமைந்தது. 1712 அளவில் அது 40,000 ஆகப் பெருகியது. இவ்வெண்ணிக்கையை அவர் நாவில் வழங்கிய சொற்களின் எண்ணிக்கையாகக் கொள்ளுதல் பிழை. ஒருவர் குறித்து வைத்த சொல் வேறு. கண்டால் பொருள் உணரும் சொல் வேறு. பேசும்போது தானே வாயில் வரும் சொல் வேறு. சொல்வளத்தை அளப்போர் இம்மூன்றையும் இன்று பிரித்தே அளக்கின்றனர்.

எண்ணிக்கையினும் சிறப்புடையது பகுப்புமுறை. மேற்கூறிய தொகுப்பு உரைநடைக்கும் வழக்குக்கும் உரிய சொற்களைக் கொண்டது. செய்யுட் சொற்களுக்கு 17,000 சொற்கள் கொண்ட தனி அகராதி ஒன்றைப் புலவர் துணையோடு அவர் உருவாக்கினார். ஒரு மொழியைக் கற்க வந்தவர் இரண்டு அகராதிகள் செய்யவேண்டியதாயிற்று. காரணம், செய்யுள் நூல்களிற் கற்ற சொற்களால் பேசினால் பொதுமக்களுக்கு விளங்கவில்லை. பொதுமக்களிடம் கற்ற சொற்களைக் கொண்டு செய்யுளைப் படிக்க இயலவில்லை. தாய்மொழியாளர் இவ்விரட்டை வழக்கைப் பிறப்பு முதல் அறிந்திருப்பதால் அதனை ஒரு சிக்கலாக உணர்வதில்லை. இதே சிக்கலை வீரமாமுனிவரும் உணர்ந்தார். அவர் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே இலத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது தரங்கம்பாடி அச்சகத்தில். சமயத்துறையில் எதிரெதிர் நின்ற இரு சபையாரும் மாணவர் தேவையில் ஒன்றுபட்டனர் என்பது சுவையான முரண்.

தமிழ் அகராதி மரபில் இதன் இடத்தை மதிப்பிட நிகண்டுகளை நினைவுகூர்தல் வேண்டும். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியன செய்யுள் வடிவின. புலவர்க்குரிய பெயர்ச்சொற்களைப் பொருள்வகையால் தொகுப்பன. 1594இல் சிதம்பரம் இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. அதுவும் மனப்பாடத்திற்குரிய செய்யுள் நூலே. சோறு சமைப்பதற்கும், கடன் கொடுப்பதற்கும், நோயாளியை நலம் கேட்பதற்கும் உரிய வழக்குச் சொற்களைத் தமிழர் எவரும் அகராதியில் தேடவேண்டியதில்லை. ஆதலின் அவை தொகுக்கப்படவும் இல்லை. அச்சொற்கள் தேவைப்பட்டவர் வெளியிலிருந்து வந்தவரே. அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி 16,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. அதன் படி ஒன்றை வத்திக்கன் நூலகத்தில் கண்டெடுத்துத் தனிநாயக அடிகள் 1966இல் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழை ஆராய்வோர்க்கு அது இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது. அயலார் ஒருவரின் அறியாமை தமிழின் ஒரு பகுதியைக் காத்துத் தந்தது எனலாம்.

கடலிலும் ஆல்லேயிலும்

1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். கப்பற் பயணத்தின்போது அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ‘கிராமட்டிக்கா தமுலிக்கா’ என்னும் பெயரில் இலத்தீன் மொழியில் 1716இல் ஆல்லேயில் அச்சானது. தமிழ் நிலம் பல மாதப் பயணத் தொலைவில் இருந்தது. தமிழ் பேசும் ஒருவரோ பக்கத்திலேயே இருந்தார். ஐயுற்ற சொல்லைக் கேட்டுத் தெளியவும், மறந்த சொல்லை மீட்கவும் அது போதுமானதாயிற்று. மலையப்பனைப் பற்றி நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அயல்நாடு சென்று செருமானியரிடையே வாழ்ந்த அவ்விளைஞர் கற்ற சொற்களைத் தொகுத்து வைப்பாரும் இலர்.

இவ்விலக்கணம், தமிழகம் வரவிருந்தோர் புறப்படுமுன்னரே தமிழைத் தொடங்குதற்கென ஆக்கப்பட்டது. அதன் பயனைப் பிற்காலத்துச் சுவார்ட்சு என்பாரிடம் காணலாம். தமிழகத்தில் பல்லாண்டு பணியாற்றி 1743இல் ஊர் திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சு, ஆல்லேயில் தமிழ் விவிலியப் பதிப்புப் பணியை மேற்கொள்ள முனைந்தார். அதற்குத் துணையாகச் சுவார்ட்சு அவரிடம் தமிழ் கற்றார். 1750 சூலையில் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சுவார்ட்சு அவ்வாண்டு நவம்பரிலேயே தமிழில் முதல் சொற்பொழிவை நிகழ்த்தினார். சீகன்பால்கு எழுத்துக்களை மணலில் எழுதிப் பழகியதற்கு ஒப்பான காலத்தில் இவர் மேடையேறினார். திறமை வேறுபாடு இதற்குக் காரணமன்று. ஆல்லேயில் பெற்ற அடிப்படைச் சொற்கள் இருந்தமையால், தரங்கம்பாடியில் காதில் விழுந்தவை வெற்றொலியாகக் கழியாமல் சொல்லாக நின்றன. அத்தோடு அவர் அமையவில்லை; முதல் ஐந்தாண்டுகளைத் தமிழ்ப் புராண நூல்களைப் படிப்பதில் செலவிட்டார். மணற்பள்ளியில் இல்லாதிருந்த முதலை ஆல்லே அளித்தது. ஆல்லேயில் கிட்டாத சுவடியைத் தஞ்சை நாடு அளித்தது.

1742 முதல் சென்னையில் வாழ்ந்த பெப்ரிசியசு, தம் உடன்பணியாளர் பிரைத்தாப்ட்டோடு இணைந்து தமிழ் – ஆங்கில அகராதியை 1779இல் வேப்பேரியில் அச்சிட்டார். தரங்கம்பாடி மரபில் அதுகாறும் திரண்ட சொற்பயிற்சி அவ்வகராதியின் அடித்தளம். தலைச்சொல்லின் கீழ், அச்சொல் பிற சொற்களோடு சேர்ந்து வழங்கும் தொடர்களை அடுக்கித் தருவது அதன் சிறப்பியல்பு. சீகன்பால்கு காலை ஏழு மணிக்கு மீளச் சொல்லிப் பார்த்ததும் சொற்களையும் தொடர்களையும் சேர்த்தே. அவ்வகராதியை விரிவாக்கித் தரங்கம்பாடியிலேயே 1897இல் மறுபதிப்பாக வெளியிட்டனர். பின்னரும் பதிப்புகள் வந்தன. அதன் முகப்பில் ஐரோப்பியர் இருவர் பெயர்களே உள்ளன. அழகப்பன் பெயரைச் செருமன் கடிதங்களிலிருந்து அறிகிறோம். திண்ணைப்பள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்த முதியவரின் பெயரையும், நாள்தோறும் நண்பகல் வரை உடனிருந்து பொருள் சொன்ன புலவரின் பெயரையும் அவர்களிடம் சொல் கற்றவர் தம் நாட்குறிப்பில் பதியவில்லை.